நயினார் வீட்டில் காணாமல் போன நான்கு அங்குலம்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு எச்சிலிலிருந்து கிடைத்தது.

செஞ்சி தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் கலைச்செல்வி. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், பக்கத்து நிலத்துக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்கிற புகார் என்று எல்லா மனுவும் என் விரல் வழியாகத்தான் உள்ளே போகும். பதினெட்டு வருஷமாக "தாங்கள் தயவுகூர்ந்து" என்று அடித்தே பழகிய கை இது. கதை எழுத உட்கார்ந்தாலும் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று போடத்தான் ஓடுகிறது. இரண்டு இடத்தில் போட்டும்விட்டேன், பிறகு அழித்தேன்.

2024 செப்டம்பரில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். கவுண்டருக்கு மேலே ஒரு மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது. (இது மிகை. கழுத்துவரை தெரிந்தது.) ஒப்புதல் படிவம், நாற்பத்திரண்டு பிரதி வேண்டும் என்றாள். நான் எதையும் படிக்காமல் ஜெராக்ஸ் போடுவதில்லை. அதில், "என் எச்சில் மாதிரியை ஆராய்ச்சிக்குத் தர முழு மனதுடன் சம்மதிக்கிறேன்" என்று இருந்தது.

"இன்னாம்மா இது? எச்சில் துப்பக்கூட மனு போடணுமா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படித்தான் சுதர்சனா எனக்குப் பழக்கம்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். உயரங்களை மாற்றவில்லை. ஒருவருடைய உயரத்தை மட்டும் எழுதவே போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "ராஜகிரிக் கோட்டையின் உச்சியில் இளங்காலைச் சூரியன் தன் பொற்கதிர்களை—"

நிறுத்திவிட்டேன். செஞ்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மூச்சு வாங்க மலையேறித்தான் தொடங்குகிறார்கள். இந்தக் கதையில் யாரும் கோட்டைக்குப் போகவில்லை. சுதர்சனா கடைசியாகப் போனது ஆறாம் வகுப்பில், அன்றைக்கும் குரங்கு அவளுடைய தயிர்சாதத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

இரண்டாவது: "மனித உயரம் என்பது பல்லாயிரம் மரபணு மாறுபாடுகளின் கூட்டு விளைவாக—"

உங்களுக்குக் கொட்டாவி வந்திருக்கும். எனக்கு வந்தது.

மூன்றாவது: "சுதர்சனாவைத் தவிட்டுக்கு வாங்கினார்கள்."

இது சரி. இங்கிருந்தே போகலாம்.

3

எந்த வீட்டிலும் ஒரு பிள்ளையை மட்டும் பிடித்துக்கொண்டு, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று சீண்டுவார்கள். அழுதால் இன்னும் இரண்டு தடவை சொல்வார்கள். மற்ற வீடுகளில் அது வெறும் கேலி. சுதர்சனாவின் வீட்டில் அதற்குக் கண்ணுக்குத் தெரிந்த ஆதாரம் இருந்தது.

அவர்கள் சமண நயினார் குடும்பம். தலைமுறை தலைமுறையாக இதே ஊர்ப்பக்கம்தான். நெல்லும் மல்லாட்டையும் வாங்கி விற்கிறார்கள் (வேறு ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்று படித்துக்கொள்ளவும்). வீட்டில் எல்லோரும் நெட்டைக் கொக்குகள். பெரியப்பா ஜீவரத்தினம் ஆறடி ஒரு அங்குலம். சித்தப்பா ஆறடி. அத்தை பெண்கள், சித்தி பெண்கள் எல்லாம் ஐந்தடி ஆறுக்கு மேல். அந்த வீட்டுக் கல்யாணம் என்றால் பந்தல்காரர் கேட்காமலே ஒரு முழம் உயர்த்திப் போடுவார். அந்தக் கூட்டத்தின் நடுவில் சுதர்சனா நாலடி பத்து அங்குலம்.

அதிகம் கேலி செய்தவர் அவளுடைய நைனா சீதளநாதன்தான்.

"சந்தையில ரெண்டு படி தவிடு குடுத்து வாங்கினோம். மூணு படி குடுத்திருந்தா கொஞ்சம் பெருசா குடுத்திருப்பான்," என்பார். வந்தவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். சுதர்சனாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கண்ணாடியில் நைனாவின் மூக்கு தன் முகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தது. அப்படியும் மறுநாள் மறுபடி பார்ப்பாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் அவள் மரபணுவியல் படிக்கப் போனாள் என்று எழுதினால் கதைக்கு எடுப்பாக இருக்கும். உண்மையில், பல் டாக்டருக்குப் படிக்க மார்க் பத்தவில்லை. படிக்கப் போன இடத்தில் கேள்வி அவளுக்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான்.

4

இது கட்டுரைப் பகுதி. ஓடிவிடாதீர்கள், சின்னதாகத்தான் இருக்கும்.

குடும்பங்களையும் இரட்டையர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், உயரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு பரம்பரை என்றார்கள்.* பிறகு மரபணுவைப் படிக்கும் மெஷின்கள் வந்தன. லட்சக்கணக்கான பேரிடம் சகஜமாகக் காணப்படும் மாற்றங்களை எல்லாம் தேடி, பட்டியல் போட்டு, கூட்டிப் பார்த்தார்கள். எண்பது வரவில்லை. பாதியளவுதான் தேறியது. மீதியைக் காணோம். காணாமல் போன பரம்பரை என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

"போலீஸ்ல கம்ப்ளைண்ட் குடுத்தாங்களா? குடுக்கணும்னா நானே டைப் அடிச்சுத் தரேன்," என்றேன்.

"அக்கா, அதத் தேடுற போலீஸே நான்தான்," என்றாள் சுதர்சனா.

சகஜமான மாற்றம் ஒவ்வொன்றும் உயரத்தைத் துளித்துளியாகத்தான் தள்ளும், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆயிரக்கணக்கில் சேர்ந்து தள்ளுவதால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அபூர்வமான மாற்றம் வேறு மாதிரி. பத்தாயிரம் பேரில் ஒருவரிடம் இருக்கும். சிலது இருந்தும் ஒன்றும் செய்யாது. சிலது தனியாளாகவே அங்குலக்கணக்கில் இழுத்துவிடும். எல்லோரிடமும் இருப்பதைத் தேடியவர்கள் கண்ணில் அது பட்டிருக்காது. காணாமல் போனதில் ஒரு பெரிய பங்கு அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று இப்போது தெரிய ஆரம்பித்திருக்கிறது.

"பத்தாயிரத்துல ஒருத்தர்னா எங்க போய்த் தேடுவ?"

"அங்கதான்க்கா விஷயமே இருக்குது. ஊர்ல பத்தாயிரத்துல ஒருத்தர். அந்த ஒருத்தர் வீட்டுக்குள்ள போயிட்டா, ரெண்டுல ஒருத்தர்."

அவளுக்கே அவள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். பட்டியலில் உள்ள மாற்றங்களின்படி அவள் 164 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இருப்பது 148. பதினாறு சென்டிமீட்டரை எதுவோ ஒன்று முழுங்கியிருக்கிறது. அது அவளிடம் புதிதாக முளைத்ததாகவும் இருக்கலாம், வீட்டு வழியில் வந்ததாகவும் இருக்கலாம். வீட்டு வழி என்று காட்ட, அதே ரத்தத்தில் இன்னொரு குட்டையான ஆள் வேண்டும்.

அப்படி ஒருவர் இருந்தார். அந்த வீட்டில் அவர் பெயரைச் சொன்னால் எல்லோரும் சட்டென்று மல்லாட்டை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

* சுதர்சனா இந்த இடத்தில் சிவப்பு மையால் எழுதியது: "ஒரு ஆளோட உயரத்துல எண்பது பங்கு இல்லக்கா. ஆளுக்கு ஆள் இருக்குற வித்தியாசத்துல எண்பது பங்கு." இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. உங்களுக்குப் புரியாவிட்டாலும் கதை ஓடும்.

5

சீதளநாதனின் தங்கை பிரம்மி.

(இவரை எழுதத்தான் பயமாக இருந்தது. முதல் பிரதியில் சோகமே உருவாக எழுதினேன். "ஜன்னலோரம் அமர்ந்து தன் இளமையை—" என்று ஒரு வாக்கியம்கூட இருந்தது. பிறகு ஆளை நேரில் பார்த்தேன். அந்தப் பிரதியைக் கிழித்துப் போட்டேன். அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்காருவது பஸ்ஸில் மட்டும்தான், அதுவும் சண்டை போட்டு இடம் பிடித்து.)

1989இல் பிரம்மிக்கு இருபத்தொரு வயது. வந்தவாசிப் பக்கம் ஒரு வரன். அவர்கள் முதலில் போட்டோ கேட்டார்கள். செஞ்சி கடைவீதி ஸ்டுடியோவில் நிற்க வைத்து எடுத்தார்கள். அண்ணன் சீதளநாதனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கடையிலிருந்து நெல் அளக்கும் மரக்காலைக் கொண்டுபோய்க் கவிழ்த்துப் போட்டு, தங்கையை அதன்மேல் ஏற்றி, புடவையை இழுத்துவிட்டு மறைத்தது அவர்தான். நல்லது செய்கிறோம் என்றே நினைத்தார். படம் அருமையாக வந்தது. வரனும் படியில் ஏறி வந்தது. பிரம்மி பலகாரத் தட்டோடு கூடத்துக்கு வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

"படத்துல இருந்த பொண்ணு எங்க?" என்றாள்.

பிரம்மி தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். அடுத்த மாதம் திண்டிவனத்தில் ஹாஸ்டலில் சேர்ந்தார். தேர்வு எழுதி மின்வாரியத்தில் வேலை வாங்கினார். வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலை. மீட்டர் பெட்டிகள் எல்லாம் உயரத்தில் இருக்கும். வீட்டுக்காரர்கள் ஸ்டூலைக் கொண்டுவந்து போடுவார்கள். அவர் ஏற மாட்டார். ஒரு குச்சியின் முனையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கட்டி வைத்திருக்கிறார். அதைத் தூக்கிப் பிடித்து, தலைகீழாகத் தெரியும் எண்ணை வாசித்துவிட்டுப் போய்விடுவார். முப்பத்தைந்து வருஷத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தது சாவுகளுக்கு மட்டும். வருவார், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிடுவார்.

சுதர்சனா திண்டிவனம் போய்க் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த அத்தையும் மருமகளும் ஒரே மட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபத்தேழு வருஷத்தில் ரத்த சொந்தத்தில் பெரியவர் ஒருவரை அவள் நேருக்கு நேர் நின்று அண்ணாந்து பார்க்காமல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எச்சில் தரேன். எவ்ளோ வேணும்னாலும் தரேன்," என்றார் பிரம்மி. "அளக்கிற கம்பத்துல மட்டும் நிக்க மாட்டேன். சம்மதம்னா வரேன்."

உயரம் இல்லாத எச்சிலை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியில் ஒன்றும் செய்ய முடியாது. அதைச் சொல்ல சுதர்சனாவுக்கு வாய் வரவில்லை. சம்மதம் என்றாள்.

6

இப்போது தவறுக்கு வருவோம். இந்தத் தவறை ஒரு சமணப் பெண்ணைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

எச்சில் குழாயின் மேல் அச்சடித்திருந்த விதி: மாதிரி தருவதற்கு முன் அரைமணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. ஊர் ஊராய் மாதிரி சேகரிக்கும் சுதர்சனாவின் தோழிகள் எல்லாம் புலம்புவார்களாம். ஒருவர் பொய் சொல்லிவிட்டு டீ குடிப்பார், இன்னொருவர் கன்னத்தில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வருவார், மாதிரி கெட்டுப்போகும். சுதர்சனா யோசித்தாள். நம் வீட்டில் நாற்பது பேரும் ஒன்றாகக் கூடுகிற நாள் எது? அனந்த சதுர்த்தசி. அன்றைக்குப் பெரியவர்கள் எல்லோரும் தண்ணீர்கூட இல்லாமல் விரதம். பிறகென்ன! நாட்டிலேயே சுத்தமான மாதிரி தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று ஆராய்ச்சி நிலையத்து வண்டியை அன்றைக்கே வரச் சொல்லிவிட்டாள்.

வண்டி வந்தது. டிரைவர் ஆதிமூலம் நாலு மணிக்குள் முப்பது பெரியவர்களின் குழாய்கள் வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் ஆராய்ச்சியில் சேராது என்று சொல்லிவிட்டு, வேப்பமர நிழலில் சீட்டைச் சாய்த்துக்கொண்டார்.

முந்தின நாள் சூரியன் சாய்வதற்குமுன் சாப்பிட்டவர்கள். மதியம் ஒரு மணி. புரட்டாசி வெயில். நாற்பது பேரும் குழாயை வாயருகே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு சொட்டு வரவில்லை.

"நாக்கு மேல ஒட்டிக்கிச்சுடி," என்றார் பெரியப்பா ஜீவரத்தினம். "எச்சில் முழுங்கி முழுங்கித்தான் காலைலேர்ந்து உசுர வெச்சிருக்கேன். அதையும் துப்பச் சொல்ற."

குழாயில் கோடு போட்டிருந்தது, இரண்டு மில்லிலிட்டர். ஒரு மணி நேரத்தில் ஆளுக்குக் கால்வாசிகூட ஏறவில்லை, அதிலும் பாதி நுரை. சுதர்சனாவுக்கு அழுகை முட்டியது. தன் கண்ணீராவது வருகிறதே, அதிலும் மரபணு இருக்குமே என்று ஒரு யோசனை ஓடியதாக என்னிடம் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் பிரம்மி வந்து இறங்கினார். திண்டிவனம் பஸ் லேட். அவருக்குச் சர்க்கரை, மாத்திரை போடுகிறவர் என்பதால் விரதம் கிடையாது. குழாயை வாங்கினார், ஓரமாகத் திரும்பினார், மூன்று நிமிஷத்தில் கோடு வரைக்கும் நிரப்பிக் கையில் கொடுத்தார். பிறகு கூடத்தைப் பார்த்தார். ஆறடி ஆட்கள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மாங்கா சீசன் இல்ல. போகட்டும்," என்று ஆரம்பித்தார். "புளியங்கா. பிஞ்சா இல்ல, முத்தினதா இல்ல, ரெண்டுக்கும் நடுவுல. உள்ள கொட்ட பச்சையா இருக்குற பருவம். அத அம்மில வெச்சு, கல்லுப்பு ரெண்டு போட்டு, பச்ச மொளகா ஒண்ணு கிள்ளிப் போட்டு, ஒரே ஒரு இழு இழுத்து..."

கூடத்தில் யாரோ சப்புக் கொட்டினார்கள்.

"பிரம்மி!" என்று பெரியப்பா கத்தினார். "விரதத்துல சாப்பாட்ட மனசால நெனச்சாலே விரதம் கெட்டுடும்!"

"நெனைக்காதீங்க பெரியண்ணா. நான்தான பேசுறேன்? நீங்க சும்மா காதுல வாங்குங்க. பாவம் எனக்கு வரட்டும்." பிரம்மி நிறுத்தவில்லை. "இழுத்தத வழிச்சு, புளிய எலக் கொழுந்துல வெச்சு மடிச்சு, கடவாப் பல்லுல வெச்சு ஒரு கடி. அந்தப் புளிப்பு காதுக்குப் பின்னால போய் ஒரு இழுப்பு இழுக்கும் பாருங்க—"

நாற்பது தாடைகளும் ஒரே நேரத்தில் கூசின. குழாய்கள் நிரம்பின. நெல்லிக்காய்க்குப் போவதற்குள் முப்பது தாண்டிவிட்டது. எலுமிச்சை வரும்போது பெரியப்பா இரண்டாவது குழாய் கேட்டார். சுதர்சனா ஒருபக்கம் மூடி போட்டுக்கொண்டே, சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டிருந்தாள். விரதத்தை யார் கெடுத்தார்கள், யார் காப்பாற்றினார்கள் என்ற வழக்கு அந்தக் குடும்பத்தில் இன்னும் நடக்கிறது. தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை.

7

மூன்றேகால். எல்லோரையும் அளந்தாயிற்று. பிரம்மி பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"அத்தே." சுதர்சனா வாசற்படி வரைக்கும் ஓடினாள். "உங்க உயரம் இல்லன்னா உங்க குழாய அவங்க சேத்துக்க மாட்டாங்க. உங்களுது இல்லன்னா எனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாமலே போயிடும். அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துகிட்டு சொல்லல."

பிரம்மி செருப்பில் காலை நுழைத்தார். பேசியது சீதளநாதன்.

"விடு பாப்பா. போறவங்களப் புடிச்சு இழுக்காத. அந்தக் கட்ட ஒடம்பு எங்க அம்மா வழில எவங்கிட்டேர்ந்தோ வந்தது. எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

[இங்கே ஒரு குறுக்கீடு. இந்தப் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தபோது சீதளநாதன் கடைக்கே வந்துவிட்டார். திரையை எட்டிப் பார்த்தார். "நான் இவ்ளோ மோசமாவா பேசினேன்?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, இருக்கட்டும். ஆனா என் ஒயரத்த அஞ்சடி ஒம்பதுன்னு போட்டுடும்மா," என்றார். மறுத்துவிட்டேன்.]

சுதர்சனா நைனாவின் பக்கம் திரும்பினாள். விஞ்ஞானத்தில் அவளுக்கு மூன்று வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். வீட்டில் யாருக்கும் அதுவரை தோன்றாத விஷயம்.

"நைனா, அத்தைகிட்டேர்ந்து எனக்கு எப்படி வரும்?"

"இன்னாது?"

"அத்தைக்கும் எனக்கும் ஒரே சாமான்தான் இருக்குதுன்னு வெச்சுக்க. அத்தை என்னப் பெக்கல. திண்டிவனத்துலேர்ந்து பஸ் புடிச்சு அது எங்கிட்ட வராது. ஒரே ஒரு வழிதான் இருக்குது. உன் வழியாத்தான் வரணும்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சீதளநாதனை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"எனக்கா?" என்றார் சீதளநாதன். "நான் நல்ல ஒயரம்டி. ஊர்ல கேட்டுப் பாரு!"

"ஊர்ல ஒயரம்தான். பெரியப்பா ஆறடி ஒண்ணு, சித்தப்பா ஆறடி. நீ அஞ்சடி எட்டு. காலைல அளந்தப்ப குதிகாலத் தூக்கிகிட்டு நின்ன, நான் விரல வெச்சுப் பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன். அவங்க மாதிரி நீயும் ஆறடி வளந்திருக்கணும். நாலு அங்குலம் எங்க நைனா போச்சு?"

முதலில் சிரித்தது ஜீவரத்தினம். "அதான், கல்யாணப் படம் ஒவ்வொண்ணுலயும் இவன் படிக்கட்டு பாத்து ஏறி நிப்பான்!" என்றார். காய்ந்த தொண்டையோடு நாற்பது பேரும் சிரித்தார்கள். சீதளநாதன் மட்டும் சிரிக்கவில்லை. கம்பத்துக்குப் போனார். முதுகை ஒட்டி, குதிகாலைத் தரையில் பதித்து நின்றார்.

"இப்ப அள."

"நூத்தி எழுபத்திரண்டு."

அவர் கம்பத்தை விட்டு நகரவில்லை. அங்கிருந்தே வாசலைப் பார்த்துச் சொன்னார்: "பிரம்மி, அன்னிக்கு அந்த மரக்கால என் காலுக்குக் கீழ போட்டுக்கிட்டு, உன்ன தரையிலயே நிக்க வெச்சிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்."

முப்பத்தைந்து வருஷம் கழித்து அண்ணன் தங்கையிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

8

இதன்பிறகு பிரம்மி என்ன செய்தார்? நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். கம்பீரமான முடிவு. எனக்குப் பிடிக்கவில்லை, அழித்தேன்.

(ஆ) கதறி அழுது அண்ணன் தோளில் சாய்ந்தார். அவர் கன்னம் அண்ணன் தோளுக்கே எட்டாது. அதனால் இதுவும் போயிற்று.

(இ) நடந்தது. பையைக் கழற்றிச் சுதர்சனாவிடம் கொடுத்தார். செருப்பை விட்டார். அண்ணனைப் பார்த்து, "நகரு, வழிய மறைச்சிகிட்டு," என்றார். கம்பத்தில் முதுகை ஒட்டி நேராக நின்றார். சுதர்சனா எண்ணைச் சத்தமாகப் படிக்காமல் எழுதிக்கொண்டாள். பிரம்மி எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா? நான் இன்னும் கொறைவா இருக்கும்னு நெனச்சிகிட்டு இருந்தேன்," என்றார்.

அந்த எண்ணைத்தான் நான் எழுதப் போவதில்லை என்று சொன்னேன். தாளில் எழுதிய அன்றிலிருந்து அது அவருடையது. அதை வேறு யாரும் ஏற்ற வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆதிமூலம் வண்டியை எடுத்தார். மறுநாள் காலையில் விரதம் முடிக்கும் பந்தியில் பிரம்மி அண்ணன் வீட்டு இலையில் உட்கார்ந்தார். இலைக்கு வந்த முதல் பண்டம் புளியங்காய்த் துவையல். பெரியப்பாதான் சொல்லிச் செய்ய வைத்தார்.

9

இத்தோடு முடித்திருக்கலாம். சொந்தக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள், வயிறும் நிறைந்துவிட்டது. ஆனால் விடை வரவில்லையே. ஆராய்ச்சி மனுவைவிட மெதுவாக நகருகிறது. பதினாறு மாதம் ஆனது.

போன வாரம் சுதர்சனாவுக்கு மெயில் வந்தது. பிரிண்ட் எடுக்க என் கடைக்கே வந்தாள், கூடவே நைனாவும் அத்தையும். மெயிலை அவள் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள். நானும் படிக்காமல் பிரிண்டுக்கு அனுப்பினேன். பதினெட்டு வருஷத்தில் நான் படிக்காமல் எடுத்த ஒரே தாள் அது. மெஷினிலிருந்து வந்ததும் மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

சுதர்சனாவை ஒன்று கேட்டேன்: "அது இல்லன்னு வந்தா?"

"இல்லன்னா வேற எங்கயோ ஒளிஞ்சிருக்குதுன்னு அர்த்தம்க்கா. இன்னும் தேடணும். சில சமயம் ஒண்ணா இல்லாம நாலஞ்சு சேந்துகூட இருக்கும். சில சமயம் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடும்." அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது, நைனாவின் மூக்கு தன் முகத்தில் இருக்கிறதா என்று அவள் அன்றைக்குப் பார்க்கவில்லை. பக்கத்தில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சீதளநாதன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மனுக் கொடுக்க வருகிறவர்கள் உட்காருகிற பெஞ்சு. இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, கவிழ்ந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கணும்," என்றார்.

"எது?" என்றார் பிரம்மி.

"அதுதான். எனக்குள்ள இருக்கணும்."

"பைத்தியமா உனக்கு? இந்தக் கட்ட ஒடம்பு சாமான் உனக்கு எதுக்கு?"

"உனக்கும் எம் பொண்ணுக்கும் இருக்குது. எனக்கு மட்டும் இல்லன்னா நான் யாரு?" என்றார் சீதளநாதன். குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க இருமினார். நாற்பது பேரின் சிரிப்பைத் தாங்கிய மனிதர், என் கடையில் ஒரு காகிதத்தின் முன்னால் வேர்த்துக்கொண்டிருந்தார்.

பிரம்மி அவர் பக்கத்தில் போய் நெருக்கி உட்கார்ந்தார். உட்கார்ந்தால் இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். (சுதர்சனா பிற்பாடு சொன்னாள்: கால் எலும்பில்தான் வித்தியாசமாம். அதை அடிக்குறிப்பாகப் போடச் சொன்னாள். அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டேன்.)

தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பிறகு மூவரும் சேர்ந்து திருப்பினார்கள், நான் பார்த்துவிட்டேன். எழுத மாட்டேன். இருந்தது என்று எழுதினால், ரத்தம் சொன்னதால்தான் அவர்கள் சேர்ந்தார்கள் என்பீர்கள். இல்லை என்று எழுதினால், பாவம் அந்த மனிதர் என்று கதையை மூடிவைப்பீர்கள். அந்தப் பெஞ்சில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். எனக்கு இரண்டு விடையும் ஒத்துக்கொள்ளும்.

ஆனால் நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், வெறும் கையோடு அனுப்புவது முறையில்லை. ஆகவே தாளை மறுபடியும் கவிழ்த்து வைக்கிறேன். சீதளநாதன் பெஞ்சில் வேர்த்துக்கொண்டிருக்கிறார், பிரம்மி அவர் பக்கத்தில், சுதர்சனா நகத்தைக் கடிக்கிறாள். நீங்களே திருப்புங்கள். நான் எதிர்க்கடைக்குப் போய், உங்களுக்கும் சேர்த்து ஐந்து டீ சொல்லிவிட்டு வருகிறேன்.